'வே' போடுவதா, 'ரே' போடுவதா? பிரெஞ்சு எதிர்காலச் சிக்கல்

வெண்ணிலா

வணக்கம். பிரான்ஸில் லியோன் பக்கத்தில் இருக்கிறேன். பத்து வருட ரெசிடென்ட் கார்டுக்கு முன்பு பிரெஞ்சில் ஏ2 நிலை போதும், 2026 ஜனவரியிலிருந்து பி1 வேண்டும் என்றாகிவிட்டது. அதனால் டெல்ஃப் பி1 என்கிற பிரெஞ்சுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இறந்தகாலத்தைக்கூட ஒருமாதிரி சமாளித்துவிட்டேன், எதிர்காலம்தான் பிடிபட மாட்டேன் என்கிறது.

வகுப்பில் சொன்னது இதுதான்: பக்கத்தில் நடக்கப்போவதற்கு 'ஜெ வே' (நான் போகிறேன்) போட்டு வினையைச் சேர், தூரத்தில் நடக்கப்போவதற்கு 'ரே' என்று முடிகிற ஒற்றைச் சொல் எதிர்காலம். சரி என்று எழுதிக்கொண்டேன். ஆனால் ரொட்டிக்கடை அம்மா காசு வாங்குகிற அதே நொடியில் 'ஸ ஸெரா தூ?' என்கிறார். இவ்வளவுதானா என்று கேட்கிறார், அதற்கு ஒற்றைச் சொல். எதிர்வீட்டுக்காரரோ பத்து வருடம் கழித்துக் கிராமத்தில் வீடு வாங்கப்போவதை 'ஜெ வே அஷ்தே யுன் மேஸோன்' என்கிறார். அப்போ பக்கமும் தூரமும் எங்கே போயிற்று?

இன்னொன்று. ஒரு கடிதப் பயிற்சியில் 'கான் ஜாரீவ் ஆ லா கார், ஜெ தப்பெல்ரே' என்று எழுதினேன். ஸ்டேஷனுக்கு வந்ததும் கூப்பிடுகிறேன் என்ற பொருளில். முதல் வினையில் சிவப்புக் கோடு, எதிர்காலம் போடு என்று. அடுத்த வரியில் மழை பெய்தால் என்பதற்கு 'ஸில் ப்ளெவ்ரா' என்று எதிர்காலத்திலேயே போட்டேன். அதற்கும் சிவப்புக் கோடு, நிகழ்காலம் போடு என்று. என்னதான் வேண்டும் இவர்களுக்கு?

(பிரெஞ்சைக் காதில் விழுகிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறேன், இங்கே எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறோம்.)

---

புதுவை வாத்தி

வெண்ணிலாம்மா, முதலில் சொல்லை எப்படி உருவாக்குவது என்பதை முடித்துவிடுவோம். அது சின்ன வேலை. பேசு என்பதற்கான 'பார்லே'யை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெ பார்லெரே, த்யு பார்லெரா, இல் பார்லெரா, நூ பார்லெரோன், வூ பார்லெரே, இல் பார்லெரோன்.

எழுத்தில் ஆறு விகுதி, காதில் மூன்றே ஒலி: ரே, ரா, ரோன். நானும் நீங்களும் 'ரே', நீயும் அவனும் 'ரா', நாமும் அவர்களும் 'ரோன்'. இதை நாலு தடவை வாய்விட்டுச் சொன்னால் நாக்குக்கு வந்துவிடும். விகுதி ஒரு வினைக்குக்கூட மாறுவதில்லை.

அகராதியில் இருக்கிற முழு வினைச்சொல்லை அப்படியே வைத்துப் பின்னால் விகுதியை ஒட்டுங்கள். கடைசியில் ஈ எழுத்து இருந்தால் (ப்ரான்த்ர், ஆதான்த்ர் மாதிரி) அதை மட்டும் வெட்டுங்கள்: ஜெ ப்ரான்த்ரே, ஜாதான்த்ரே.

வருவேன், படிப்பேன் என்பதில் வகரமும் பகரமும் நின்று காலத்தைக் காட்டுகின்றன அல்லவா, இங்கே அந்த வேலையைச் செய்வது 'ர்'. எவ்வளவு முரண்டுபிடிக்கிற வினையானாலும் 'ர்' இல்லாமல் எதிர்காலம் கிடையாது. இரு என்பதற்கு ஸெரே, உடைமைக்கு ஜோரே, போ என்பதற்கு ஜிரே, செய் என்பதற்கு ஃபெரே, அறி என்பதற்கு ஸோரே, பார் என்பதற்கு வெரே, முடியும் என்பதற்கு பூரே, விருப்பத்துக்கு வூத்ரே, வா என்பதற்கு வியான்த்ரே, கடமைக்கு தெவ்ரே. அப்புறம் ஆளில்லாமல் வருபவை இரண்டு: 'இல் ஃபோத்ரா' (வேண்டியிருக்கும்), 'இல் ப்ளெவ்ரா' (மழை பெய்யும்). தினசரிப் பேச்சுக்கு இந்தப் பன்னிரண்டு போதும்.

எதை எங்கே போடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

---

தினேஷ் பிளஸ்டூ

சார், எங்கள் பள்ளியில் பாதிப் பேர் பிரெஞ்சு எடுத்ததே மார்க்குக்காகத்தான். இந்த டேபிளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம், ஆனால் ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரில் வந்து நின்றால் 'போன்ஜூர்' தாண்டி ஒன்றும் வராது. ஒரு சந்தேகம். பூரே, வெரே, கூர்ரே, மூர்ரே எல்லாவற்றிலும் எழுத்தில் இரண்டு ஆர் இருக்கிறது. நீங்கள் பூரே-யை ஒற்றை 'ர' போட்டு எழுதியிருக்கிறீர்களே, தட்டச்சுப் பிழையா?

---

புதுவை வாத்தி

பிழை இல்லை தம்பி. பூரே, வெரே, ஆன்வெரே மூன்றிலும் எழுத்தில் இரண்டு, வாயில் ஒன்று. ஆனால் ஓடுவதற்கான கூர்ரே, சாவதற்கான மூர்ரே, பெறுவதற்கான அகேர்ரே, இவற்றில் இரண்டையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காரணமும் இருக்கிறது. 'ஜெ கூரே' என்று ஒற்றையாகச் சொன்னால் 'ஓடிக்கொண்டிருந்தேன்' என்று இறந்தகாலமாகப் போய்விடும். பூரே-க்கு அந்த ஆபத்து இல்லை, அதன் இறந்தகாலம் 'பூவே' என்று தனியாக நிற்கிறது.

---

கார்ஷ் குசினிக்காரன்

வணக்கம் தங்கச்சி. நான் கனகாலமாகப் பாரிஸ் பக்கம் ரெஸ்டோரண்ட் குசினியில் நிற்கிறன். புத்தகக்காரர் கோவிக்கக் கூடாது, உள்ளதைச் சொல்லுறன். குசினிக்குள் ஒருத்தரும் 'ஜெ ஃபெரே' என்று கதைக்கிறதில்லை. 'ஜெ வே லெ ஃபேர்', முடிஞ்சுது. அரைவாசி நேரம் அதுவும் இல்லை, சும்மா நிகழ்காலம்: 'ஜெ லெ ஃபே தெமான்', நாளைக்குச் செய்யிறன். எங்கட தமிழிலயும் 'நாளைக்கு வாறன்' என்றுதானே சொல்லுறம்.

ஒற்றைச் சொல் எனக்குக் கேட்கிறது மூன்று இடத்தில். ஒன்று, பழக்கப்பட்ட வாக்குகள்: 'ஓன் வெரா' (பாப்பம்), 'ஸா இரா' (சமாளிக்கலாம்), 'த்யு வெரா' (நீ பார் என்ன நடக்குதென்று). இரண்டு, கஸ்டமரோடு கதைக்கேக்க: 'ஸா ஃபெரா தூஸ் யெரோ'. பன்னிரண்டு யூரோ ஆகுது என்று சொல்லுறதை 'ஆகும்' என்று சொன்னால் கொஞ்சம் மரியாதை. உங்கட ரொட்டிக்கடை அம்மாவும் அதைத்தான் செய்தவா.

மூன்றாவதுதான் முக்கியம். ஷெஃப் காலமை வந்து, கோப்பியைக் கையில் வைச்சுக்கொண்டு, முகத்தைப் பாராமல் 'த்யு மெ ஃபெரா தி கிலோ தொன்யோன்' என்று சொல்லுவார். 'நீ எனக்குப் பத்துக் கிலோ வெங்காயம் செய்வாய்.' அது எதிர்காலம் இல்லை, கட்டளை. உரிச்சு நறுக்கி வைச்சிருக்க வேணும். 'செய்!' என்று கத்துறதைவிட இது மெல்லிசு, ஆனால் மாட்டன் என்று சொல்ல இடமே இல்லை.

---

மொன்ட்ரியல் மீனாட்சி

அண்ணை சொன்ன கட்டளை எதிர்காலம் டாக்டர் வாயிலும் வரும். 'வூ ப்ரான்த்ரே அன் கோம்ப்ரிமே மத்தான் ஏ ஸ்வார்', காலையும் மாலையும் ஒரு மாத்திரை சாப்பிடுவீர்கள். பைபிளின் பத்துக் கட்டளையில் பெரும்பாலானவை பிரெஞ்சில் இதே அச்சுதான், 'த்யு ந த்யுவெரா ப்வான்', கொலை செய்யாதிருப்பாயாக.

எங்கள் ஊர் நிலவரமும் சொல்கிறேன். கியூபெக்கில் பேச்சில் ஒற்றைச் சொல் எதிர்காலம் இன்னும் குறைவு, 'வே' வகைதான் ராஜ்ஜியம். வேடிக்கை என்னவென்றால், 'இல்லை' வந்ததும் எல்லாம் தலைகீழ். வருவேன் என்றால் 'ஜெ வே வெனிர்', வரமாட்டேன் என்றால் 'ஜெ வியான்த்ரே பா'. கனடா பிரெஞ்சை ஆராய்ந்த மொழியியலாளர்கள் பலரும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்: எதிர்மறை வாக்கியம்தான் ஒற்றைச் சொல்லுக்கு மிஞ்சியிருக்கும் கோட்டை. வயதானவர்கள் பேச்சில் 'ஜெ வே' இருக்க வேண்டிய இடத்தில் 'மா' வரும். 'மா த தீர்' என்றால் உனக்குச் சொல்லப்போகிறேன். பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

---

புதுவை வாத்தி

கோபமெல்லாம் இல்லை, குசினிக்காரரே. பேச்சில் 'வே' மிகுதி என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்து ஒற்றைச் சொல்லைத் தூக்கிப் பரணில் போட்டுவிட முடியாது. செய்தித்தாள், ஒப்பந்தம், அலுவலகக் கடிதம், வானிலை அறிக்கை எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. வெண்ணிலாம்மா டெல்ஃப் பி1 எழுத்துத் தேர்வில் 45 நிமிடத்தில் குறைந்தது 160 சொல் எழுத வேண்டும். அதில் முதலிலிருந்து கடைசி வரை 'ஜெ வே, ஜெ வே' என்று போனால் திருத்துகிறவர் என்ன நினைப்பார்?

இப்போது அந்தப் பக்கம், தூரம் விஷயம். மணிக்கணக்கு, வருடக்கணக்கு எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பேசுகிறவர் அந்தச் செயலின் வேரை இப்போதே பார்க்கிறாரா இல்லையா, அதுதான் கணக்கு. கறுத்த மேகத்தைப் பார்த்துவிட்டு 'இல் வா ப்ளெவ்வார்' என்போம். டிவியில் நாளைய வானிலை சொல்கிறவர் 'இல் ப்ளெவ்ரா' என்பார். பக்கத்துவீட்டுப் பெண் ஏழு மாதம் என்றால் 'எல் வா அவ்வார் அன் பெபே', பிள்ளை வயிற்றில் இருக்கிறது. கல்யாணம்கூட ஆகாத பெண்ணுக்கு 'எல் ஓரா தெஸ் ஆன்ஃபான்' என்றால் என்றாவது ஒருநாள் பிள்ளைகள் பிறக்கும் என்ற வாழ்த்து. இரண்டாமவளுக்கு முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்க்கும்.

உங்கள் எதிர்வீட்டுக்காரர் வீடு வாங்குவது பத்து வருடம் கழித்து. ஆனால் முடிவை இன்றைக்கே எடுத்துவிட்டார், ஒருவேளை பணமும் ஒதுக்குகிறார். அதனால் 'வே'. தமிழில் நாமும் 'பத்து வருஷத்தில் ஊரில் ஒரு வீடு வாங்கப்போகிறேன்' என்றுதானே சொல்கிறோம்? அங்கேயும் 'போ'தான், இங்கேயும் 'போ'தான். வாங்கப்போகிறேன், வாங்குவேன் என்று நாம் யோசிக்காமல் பிரிக்கிற இடத்தில் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்களும் பிரிக்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் போய்ச் சுற்றாமல் நேராகத் தமிழைக் கேளுங்கள்.

---

சந்தேகப்பிராணி

சார், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் 'தமிழைக் கேளுங்கள்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போனால் நிறையப் பேர் விழுவார்கள். தமிழின் எதிர்காலம் பாதி நேரம் எதிர்காலமே இல்லை.

'அப்பா தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பார்.' இது பழக்கம். பிரெஞ்சில் சுத்தமான நிகழ்காலம், 'மோன் பேர் ஸ லேவ் ஆ ஸி ஸர்'. இங்கே 'லேவெரா' போட்டால், இனிமேல்தான் எழுந்திருக்கப்போகிறார், இதுவரை எட்டு மணி வரை தூங்கினார் என்று ஆகிவிடும்.

'அந்தக் காலத்தில் தாத்தா சைக்கிளில் வருவார்.' இது போன காலத்துப் பழக்கம். பிரெஞ்சில் 'வெனே', அதாவது அன்பார்ஃபே என்கிற தொடர் இறந்தகாலம். என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இங்கே எதிர்காலம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். வடநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றமே வரவில்லை.

'சூரியன் கிழக்கே உதிக்கும்', 'தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும்' எல்லாம் பிரெஞ்சில் நிகழ்காலம். 'எனக்கு நீந்தத் தெரியும்', 'அவளுக்குப் பாட்டு பிடிக்கும்' என்பதும் அப்படியே. தெரியும், பிடிக்கும், முடியும், வேண்டும் என்று நம் வாயில் நிமிடத்துக்கு நாலு தடவை வருகிற 'உம்' எதையும் 'ரா'வாக மாற்றக் கூடாது.

---

புதுவை வாத்தி

ஒப்புக்கொள்கிறேன், நல்ல எச்சரிக்கை. ஆனால் ஒரு 'உம்' அப்படியே போய் உட்காரும், அதையும் சொல்லுங்கள். வாசல் மணி அடிக்கிறது. 'தபால்காரராக இருக்கும்' என்கிறோம். பிரெஞ்சிலும் 'ஸ ஸெரா லெ ஃபக்தர்' என்று சொல்லலாம். அதுவும் ஊகம்தான், எதிர்காலம் இல்லை.

---

கார்ஷ் குசினிக்காரன்

அது பழைய ஆக்கள் சொல்லுறது சார். இப்ப 'ஸா த்வா எத்ர் லெ ஃபக்தர்' என்பினம். நான் ஒரு நாளும் அந்த 'ஸெரா'வைக் கேட்டதில்லை.

---

புதுவை வாத்தி

புத்தகத்தில் வரும். படித்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான். பேசும்போது நீங்கள் சொன்னதையே சொல்லலாம்.

---

வெண்ணிலா

வாத்தி சார், அண்ணா, மீனாட்சி அக்கா, எல்லோருக்கும் நன்றி. வயிற்றில் பிள்ளை உதாரணத்தில் சட்டென்று விளங்கிவிட்டது. ஆனால் என் இரண்டு சிவப்புக் கோடும் அப்படியே நிற்கிறதே?

---

மொன்ட்ரியல் மீனாட்சி

அதற்கு நான் வருகிறேன். இங்கே டிசிஎஃப் கனடா என்கிற பிரெஞ்சுப் பரீட்சையில் என்.சி.எல்.சி. 7 (கனடாவின் மொழித்தர அளவுகோலில் ஏழாம் நிலை) வாங்க ஓடுகிற நம் ஆட்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், எல்லோரும் தடுக்கி விழுகிற படி இதுதான்.

நீங்கள் 'கான் ஜாரீவ்' என்று நிகழ்காலம் போட்டது தமிழால் அல்ல, ஆங்கிலத்தால். ஆங்கிலத்தில் 'எப்போது' என்ற சொல்லுக்குப் பின்னால் எதிர்காலம் வராது என்று பள்ளியில் அடித்துச் சொல்லியிருப்பார்கள், அது உள்ளே ஊறிப்போயிருக்கிறது. பிரெஞ்சு நேர்மையான ஆள். நடக்காத விஷயமா, அப்போ எதிர்காலம். 'கான் ஜாரிவெரே ஆ லா கார், ஜெ தப்பெல்ரே.' ஸ்டேஷனுக்கு வருவதும் நடக்கவில்லை, கூப்பிடுவதும் நடக்கவில்லை, இரண்டுக்கும் 'ரே'. லோர்ஸ்க், தே க, ஒஸித்தோ க, தான் க என்று 'போது, உடனே, வரை' வகையறா எல்லாவற்றுக்கும் இதே சட்டம்.

'ஸி' மட்டும் வேறு ஜாதி. 'ஆல்' விகுதி வருகிற இடம் அது: மழை பெய்தால், டிக்கெட் கிடைத்தால். நிபந்தனைப் பாதியில் நிகழ்காலம், விளைவுப் பாதியில் எதிர்காலம். 'ஸில் ப்ளெ, ஜெ ரெஸ்தெரே ஆ லா மேஸோன்.' பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு சிலேடை சொல்லிக்கொடுப்பார்கள்: 'லே ஸி நேம் பா லே ரே.' ஸி என்பது மரம் அறுக்கிற ரம்பமும்கூட, ரே என்பது கோடும்கூட. ஸி-க்கு ரே பிடிக்காது. கிச்சுகிச்சு மூட்டுகிற சிலேடை இல்லைதான், ஆனால் மறக்காது.

ஒரு விலக்கு. வருவானா, மாட்டானா தெரியவில்லை என்று வரும்போதும் பிரெஞ்சில் 'ஸி'தான் போடுவார்கள். அங்கே தாராளமாக எதிர்காலம் போடலாம்: 'ஜெ ந ஸே பா ஸில் வியான்த்ரா.' அது நிபந்தனை இல்லை, கேள்வி. தமிழில் 'ஆ' விகுதி வருகிற இடமா (வருவானா), 'ஆல்' விகுதி வருகிற இடமா (வந்தால்) என்று பாருங்கள். ஆ என்றால் எதிர்காலம் போகும், ஆல் என்றால் போகாது.

இன்னும் ஒரு படி. 'முடித்ததும் கூப்பிடுகிறேன்' என்றால் முடிப்பது முந்தி, கூப்பிடுவது பிந்தி. இரண்டும் எதிர்காலத்தில், ஒன்று முன்னால். 'கான் ஜோரே ஃபினி, ஜெ தப்பெல்ரே.' ஜோரே-க்குப் பின்னால் இறந்தகால எச்சம். இதற்கு ஃப்யூதூர் ஆன்தேரியர் என்று பெரிய பெயர், பயப்படாதீர்கள். 'முடித்திருப்பேன்' என்கிற நம் வடிவத்தின் அண்ணன்தான். பி1-இல் இதை ஓரிடத்தில் சரியாகப் போட்டால் திருத்துகிறவர் முகம் மலரும்.

---

கல்வெட்டுக் கிறுக்கன்

தாமதமாக வருகிறேன். அந்த ரே, ரா, ரோன் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

'அவ்வார்' வினையின் நிகழ்காலத்தைச் சொல்லிப் பாருங்கள்: ஏ, ஆ, ஆ, அவோன், அவே, ஓன். இதில் 'அவ்' என்பதை உதிர்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் 'ர்' போடுங்கள். ரே, ரா, ரா, ரோன், ரே, ரோன். எதிர்கால விகுதி முழுக்க 'அவ்வார்'தான். 'பாட எனக்கு இருக்கிறது' என்கிற மாதிரி மக்கள் பேச்சு லத்தீனில் 'கந்தாரே ஹபெயோ' என்றார்கள். இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு 'ஷான்தெரே' ஆகிவிட்டது.

லத்தீனுக்குச் சொந்தமாக ஓர் எதிர்காலம் இருந்ததே, அது என்ன ஆயிற்று என்றால், உச்சரிப்பு கெடுத்துவிட்டது. 'அமாபித்' என்றால் நேசிப்பான், 'அமாவித்' என்றால் நேசித்தான். நாளடைவில் நடுவிலிருந்த 'ப' குழைந்து 'வ' ஆனதும் இரண்டும் ஒன்றாய்க் கேட்டன. நேற்றா நாளையா என்றே தெரியாத ஒரு வினையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தப் புது வடிவம் முதலில் எழுத்தில் அகப்படுவது 7-ஆம் நூற்றாண்டு ஃப்ரெதெகார் வரலாற்று ஏட்டில். பேரரசர் ஜஸ்டினியன் தோற்ற பாரசீக மன்னனிடம் நாடுகளைத் திருப்பிக் கேட்கிறார். அவன் 'நோன் தாபோ' (தரமாட்டேன்) என்று பழைய லத்தீன் எதிர்காலத்தில் மறுக்கிறான். அதற்கு ஜஸ்டினியன் 'தராஸ்' (தருவாய்) என்று புது எதிர்காலத்தில் பதில் சொல்கிறார். தாராஸ் என்ற ஊருக்குப் பெயர் வந்த கதை என்று ஏடு சொல்கிறது. கதை கட்டுக்கதைதான், வடிவம் உண்மை. இன்றைய பிரெஞ்சில் அது 'தோன்ரா'. (தராஸ், தருவாய் ஒற்றுமையைப் பார்த்து யாரும் கிளம்ப வேண்டாம், தற்செயல்தான். அந்தச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.)

அப்புறம் 842-இல் ஸ்ட்ராஸ்பூர் உறுதிமொழி. பிரெஞ்சின் மிகப் பழைய ஆவணமாகக் கருதப்படுவது. ஜெர்மானிய லூயி, தம்பி சார்லஸின் படைவீரர்களுக்குப் புரிய வேண்டும் என்று அவர்கள் மொழியிலேயே சத்தியம் செய்கிறான்: 'சல்வராய் எயோ', நான் காப்பேன். ஆக, பிரெஞ்சு கைக்குக் கிடைத்த முதல் பக்கத்திலேயே ஒரு 'ரே' இருக்கிறது. சத்தியத்துக்கு எதிர்காலம் இல்லாமல் எப்படி?

போர்ச்சுகீசில் அந்த ஒட்டு இன்னும் முழுதாகக் காயவில்லை. 'உனக்குத் தருவேன்' என்பதை எழுத்து வழக்கில் 'தார்-தி-ஐ' என்று நடுவில் 'உனக்கு' சொருகி எழுதுவார்கள்.

---

தினேஷ் பிளஸ்டூ

அண்ணா இதைப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் போட்டிருந்தால் டேபிளே மனப்பாடம் செய்திருக்க வேண்டாமே.

இன்னொரு சந்தேகம். ஜெ ஸெரே என்று எதிர்காலத்திலும் இருக்கிறது, கண்டிஷனலிலும் (நிபந்தனை வடிவம்) இருக்கிறது. டிக்டேஷனில் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

புதுவை வாத்தி

எதிர்காலத்துக்கு வாயை ஒடுக்கி 'ரே', கண்டிஷனலுக்கு வாயைத் திறந்து 'ரெ' என்று இலக்கணம் சொல்லும். நடைமுறையில் தெற்குப் பிரான்ஸில் இரண்டும் ஒன்றுதான், பாரிஸிலும் பல பேர் பிரிப்பதில்லை. காதை நம்பாதே. 'நான்' இருக்கும் இடத்தில் 'நாம்' போட்டுப் பார். 'நூ ஸெரோன்' பொருந்தினால் எதிர்காலம், 'நூ ஸெரியோன்' பொருந்தினால் கண்டிஷனல்.

எழுத்தில் வேறு சில இடறல்களும் உண்டு. அப்பெலே, ஜெதே இரண்டிலும் எல், டி இரட்டிக்கும். அஷ்தே-யில் இரட்டிக்காது, ஈ மேல் சாய்கோடு வரும். பேய்யே (பணம் கட்டு) போன்றவற்றில் ஒய், ஐ இரண்டில் எதைப் போட்டாலும் சரி. 'எத்யூதியே', 'ஜுவே' போன்றவற்றில் ஓர் ஈ வாயில் வராது, கையில் வர வேண்டும். ப்ரெஃபெரே போன்ற வினைகளில் 1990 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இரண்டு விதமும் செல்லும்.

வெண்ணிலாம்மா, வாய்மொழித் தேர்வின் முதல் பகுதியில் உங்களைப் பற்றிக் கேட்டுவிட்டு அடுத்து என்ன திட்டம் என்று கட்டாயம் வருவார்கள். அதற்கு ஒரு பத்தி எழுதிப் போடுங்கள், பார்க்கலாம். காதுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் 2012 மே 2-இல் அப்போதைய ஜனாதிபதி சர்க்கோசியோடு நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் எதிர் வேட்பாளர் ஹோலாந்து பேசியதைத் தேடிக் கேளுங்கள். 'ம்வா ப்ரெஸிதான் தெ லா ரெப்யூப்லிக்' என்று திரும்பத் திரும்பத் தொடங்கி, 'ஜெ ந ஸெரே பா', 'ஜெ ந ரெஸெவ்ரே பா' என்று அடுக்கிக்கொண்டே போவார். எதிர்மறையோடு ஒற்றைச் சொல் எதிர்காலத்துக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. வாக்குறுதிகள் என்னவாயின என்று என்னைக் கேட்காதீர்கள்.

---

வெண்ணிலா

எழுதிவிட்டேன் சார்.

'லெத்தே ப்ரோஷான், நூ அலோன் பார்திர் ஆன் நான்த். கான் மோன் மாரி ஓரா ஸே கோன்ஜே, நூ ரெஸெர்வெரோன் லே பியே. ஸி லே பியே ஸோன் த்ரோ ஷேர், ஓன் இரா ஆன் ப்ரெதாஞ். மே பராங் அபித் ஆ த்ரிஷி, நூ ஸீ இரோன் ஆன் த்ரான். ஷாக் திமான்ஷ், மா மேர் ஃபெரா தே தோஸா.'

(வருகிற கோடையில் இந்தியா போகப்போகிறோம். கணவருக்கு லீவு கிடைத்ததும் டிக்கெட் எடுப்போம். டிக்கெட் விலை அதிகமென்றால் பிரெதாஞ் பக்கம் போவோம். அம்மா அப்பா திருச்சியில் இருக்கிறார்கள், அங்கே ரயிலில் போவோம். ஞாயிறுதோறும் அம்மா தோசை சுடுவார்.)

---

புதுவை வாத்தி

பலே. 'அலோன் பார்திர்' சரி, முடிவெடுத்த பயணம். கான்-க்குப் பின் 'ஓரா' சரி, ஸி-க்குப் பின் 'ஸோன்' சரி. இரண்டு சிவப்புக் கோடும் போய்விட்டது.

இரண்டு இடம் பாருங்கள். 'அங்கே போவோம்' என்பதற்கு 'நூ ஸீ இரோன்' வராது. 'அங்கே' என்கிற அந்த 'ஈ', இர் என்று தொடங்கும் வடிவத்துக்கு முன்னால் விழுந்துவிடும், இரண்டு 'இ' மோதுவதால். 'நூஸ் இரோன் ஆன் த்ரான்' என்று மட்டும் எழுதுங்கள். அந்த 'ஈ' வேண்டும்தான் என்றால் 'நூஸ் அலோன் ஈ அலே'.

கடைசி வாக்கியம் இலக்கணப்படி சரி. ஆனால் பொருள் எது? அம்மா எப்போதும் ஞாயிற்றுக்கிழமை தோசை சுடுவாரா, நீங்கள் போய் இருக்கும் வாரங்களில் சுடுவாரா?

---

வெண்ணிலா

எப்போதும்தான் சார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து.

---

சந்தேகப்பிராணி

அப்போ 'ஃபே'. 'மா மேர் ஃபே தே தோஸா.' நான் சொன்ன 'எழுந்திருப்பார்' கேஸ் இதுதான்.

---

கார்ஷ் குசினிக்காரன்

'ஃபெரா' என்றே விட்டால் பரீட்சை எடுக்கிறவர், போன கிழமை வரைக்கும் அம்மா என்ன சமைச்சவா என்று கேட்பார். அதுக்கும் ஒரு பதில் ஆயத்தமாக வைச்சிரும் தங்கச்சி.

---

வெண்ணிலா

இட்லி என்று சொல்லிவிடுகிறேன் அண்ணா. அன்பார்ஃபே-யில்: 'எல் ஃபெஸே தெஸ் இட்லி'. சரிதானே சார்?

---

புதுவை வாத்தி

சரி.